இரும்பைத் தூக்க எத்தனை மணி நேரம்?

பொங்கல் விழா முடிந்து மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். வாசலில் கரும்புச் சக்கையும் மாவிலையும் இன்னும் கிடந்தன. அந்த நேரம் பார்த்து நம் சங்க உறுப்பினர் ஒருவரும் அவருடைய மனைவியும் தங்கள் பிள்ளையைக் கையோடு அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அழைத்துக்கொண்டு என்பதைவிட இழுத்துக்கொண்டு என்பதே பொருந்தும். கூண்டில் நிறுத்துவதுபோல் அவனை என் முன்னால் நிறுத்தினார்கள்.

"அண்ணாச்சி, நீங்க ரயில்வேயில எடை தூக்கினவரு. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு. சாயங்காலம் ஆறரைக்கு ஜிம்முக்குப் போறான், ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புறான். கேட்டா, உடம்பு ஏறணும்னா ரெண்டு மணி நேரமாவது வேணும்ங்கிறான்" என்றார் அந்த அம்மா.

"நான் ஃபீஸ் கட்டுறத நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார் அப்பா. அவர் சொல்லுக்குக் குறுக்குச் சொல் கிடையாது என்பது எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பையன் மட்டும் நிதானமாக என்னைப் பார்த்து, "மாமா, அந்தக் காலத்துல நீங்க எவ்வளவு நேரம் பண்ணுவீங்க?" என்று கேட்டான்.

உண்மையான பதில் மூன்று மணி நேரம். அதை அந்த இடத்தில் சொல்லியிருந்தால் வழக்கு அங்கேயே அவன் பக்கம் தீர்ந்திருக்கும். "ஒரு வாரம் டைம் கொடு, பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலி அடுக்கப் போய்விட்டேன். அந்த ஒரு வாரத்தில் நான் பார்த்ததையும், படித்ததையும், பழைய அனுபவத்தையும் சேர்த்து எழுதியதே இது. நம் வீடுகளில் பல இடங்களில் இந்தச் சண்டை நடக்கிறது என்று ஆசிரியர் குழுவினர் சொன்னதால் பத்திரிகைக்கே கொடுத்துவிட்டேன்.

ஒரு பார்பெல், எட்டுப் பேர்

முதலில் அந்த மூன்று மணி நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளில் நாங்கள் பயிற்சி செய்த கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நல்ல பார்பெல். ஆட்கள் எட்டுப் பேர். ஒருவன் தூக்கி வைத்ததும் அடுத்தவனுக்குத் தகுந்தபடி தட்டுகளைக் கழற்றி மாட்ட வேண்டும். என் முறை மறுபடி வருவதற்கு எட்டு, பத்து நிமிடம் ஆகிவிடும். மூன்று மணி நேரம் அங்கே இருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி பலகையில் உட்கார்ந்து மற்றவர்களைக் கிண்டல் செய்ததில் போயிற்று. அதை அப்போது யாரும் வீண் என்று நினைக்கவில்லை. ஒவ்வொருவனும் அடுத்தவன் தூக்குவதைப் பார்த்தே பாதி வித்தையைக் கற்றுக்கொண்டோம்.

ஊரில் இருந்தபோது இதுவும் கிடையாது. நம் தென்மாவட்டக் கிராமங்களில் கோவிலடியில் இளவட்டக்கல் கிடக்கும். உருண்டையாக, பிடி கிடைக்காத கல். அதை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் போட வேண்டும். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் காரியம். கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி என்று செய்தவர்களும் கடிகாரம் பார்த்துச் செய்யவில்லை, எண்ணிக்கை பார்த்தே செய்தார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்கும் வழக்கம் மாதச் சந்தாவோடு வந்ததென்று நினைக்கிறேன்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஜிம் பக்கமே போகாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஓர் எடையை ஒருமுறை தூக்கி இறக்குவது ஒரு 'ரெப்'. இடைவிடாமல் எட்டோ பத்தோ ரெப் செய்துவிட்டுக் கீழே வைத்தால் அது ஒரு 'செட்'. பிறகு சற்று இளைப்பாறி அடுத்த செட். ஒரு பயிற்சிக்குச் சாதாரணமாக மூன்று செட்.

ஒரு ரெப்புக்கு நான்கு விநாடி என்றால் பத்து ரெப் கொண்ட ஒரு செட்டுக்கு 40 விநாடி. அதன்பின் இளைப்பாற 2 நிமிடம். ஆக ஒரு செட்டின் விலை 2 நிமிடம் 40 விநாடி. மூன்று செட் என்றால் 8 நிமிடம். ஐந்து பயிற்சிகளுக்கு 40 நிமிடம். தொடக்கத்தில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் வார்ம்-அப்புக்குப் பத்து நிமிடம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது, தட்டு மாட்டுவது, தண்ணீர் குடிப்பது என்று இன்னும் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஒரு மணி நேரம்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பதினைந்து செட்டுக்கு 40 விநாடி வீதம், கையில் இரும்பு இருந்த நேரம் பத்தே நிமிடம். எனவே ஜிம்மில் எவ்வளவு நேரம் என்ற கேள்வி, உண்மையில் எத்தனை செட், நடுவில் எவ்வளவு ஓய்வு என்ற இரண்டு கேள்விகள்தான். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் கடிகாரம் தானே சொல்லிவிடும்.

ஓய்வைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். மும்பைக்காரனுக்கு முதலில் தோன்றுவதே அதுதான். டோம்பிவிலியில் ரயிலேறி நகரத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் நாளில் மூன்று மணி நேரம் கரைந்துவிடுகிறது. ஜிம்மிலாவது நேரத்தைச் சுருக்கக் கூடாதா? அங்கேதான் உடம்பு ஒத்துழைப்பதில்லை.

நம் கட்டிடத்து மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான எடையைத் தூக்கும்போது தசை உடனடியாகச் செலவழிப்பது தன்னிடமே சேமித்து வைத்திருக்கும் ஏ.டி.பி. என்ற பொருளை. அது இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். அடுத்து கிரியேட்டின் பாஸ்பேட் என்ற சேமிப்பு கைகொடுக்கும். அதுவும் சுமார் பத்து விநாடி. அதற்கு மேல் சர்க்கரைச் சேமிப்பை எரித்துத்தான் ஓட்ட வேண்டும். அப்போதுதான் அந்த எரிச்சலும் மூச்சு வாங்குவதும். செட் முடிந்ததும் தொட்டி மறுபடி நிரம்பத் தொடங்கும். ஏறக்குறைய முதல் ஒரு நிமிடத்துக்குள் பாதி நிரம்பிவிடும். ஆனால் மீதிப் பாதி மெதுவாகத்தான் ஏறும். முழுதாக நிரம்ப மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் பிடிக்கும். அரைத் தொட்டித் தண்ணீரில் அடுத்த செட்டைத் தொடங்கினால் பத்து ரெப்புக்குப் பதில் ஆறுதான் வரும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிராட் ஷோன்ஃபெல்ட் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, ஏற்கெனவே பயிற்சி உள்ள 21 இளைஞர்களை இரண்டு பிரிவாக்கி எட்டு வாரம் பயிற்சி கொடுத்தது. செட்டுகள் இருவருக்கும் ஒன்றுதான். ஒரு பிரிவுக்கு இடையில் 1 நிமிட ஓய்வு, இன்னொன்றுக்கு 3 நிமிடம். 2016-ல் வெளியான முடிவின்படி, மூன்று நிமிடம் ஓய்ந்தவர்களுக்கே பலமும் தசையும் கூடுதலாக ஏறின. அவசரப்பட்டவர்கள் வியர்வை அதிகம் சிந்தியிருப்பார்கள், அவ்வளவுதான்.

போட்டி விதிகளைப் பாருங்கள். எடை தூக்கும் போட்டியில் ஒருவர் பெயரை அழைத்ததும் மேடையேறித் தூக்க ஒரு நிமிடம் தருவார்கள். அடுத்த முயற்சியும் அவருடையதே என்றால் மட்டும் இரண்டு நிமிடம். ஸ்னாட்ச் பகுதி முடிந்து கிளீன் அண்டு ஜெர்க் தொடங்குமுன் பத்து நிமிட இடைவேளை. ஒருவருக்கு மொத்தம் ஆறே முயற்சிகள். நம் வேலூர்ச் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்டிலும் காமன்வெல்த் தங்கம் வாங்கியது இப்படிப்பட்ட சில விநாடி முயற்சிகளில்தான். மணிப்பூர் மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்னாட்சில் 87 கிலோ, கிளீன் அண்டு ஜெர்க்கில் 115 கிலோ, ஆக 202 கிலோ தூக்கி வெள்ளி பெற்றதும் அப்படியே. ஓய்வும் அந்த விளையாட்டின் ஓர் அங்கம்.

ஆக, ஸ்குவாட், டெட்லிஃப்ட், பெஞ்ச் பிரஸ் போன்ற பெரிய பயிற்சிகளுக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம்; கைத்தசை, தோள்பட்டை போன்ற சிறியவற்றுக்கு ஒன்று, ஒன்றரை நிமிடம். இதற்குக் கீழே குறைக்க வேண்டாம்.

நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாலை

இனி நம் வழக்குக்கு வருவோம். ஒரு திங்கட்கிழமை மாலை பையனோடு ஜிம்முக்கே போனேன். ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவன் தூக்கும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு போட்டேன். உள்ளே நுழைந்தது 6.30. வெளியே வந்தது 8.50. அதாவது 140 நிமிடம். கோடுகள் 24.

இருபத்துநான்கு செட்டுக்கு இரும்பு கையில் இருந்தது 16 நிமிடம். தாராளமாக இரண்டு நிமிட ஓய்வு என்று வைத்தாலும் 48 நிமிடம். வார்ம்-அப், நகர்வது எல்லாம் சேர்த்து 18. மொத்தம் 82 நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. மீதி 58 நிமிடம் எங்கே போயிற்று? பெஞ்ச் பிரஸ் பலகைக்கு முன் வரிசையில் நின்றதில் ஒரு பங்கு. திங்கட்கிழமை ஏழு மணிக்கு எந்த ஜிம்மிலும் அந்தப் பலகை காலியாக இருக்காது. வாரத்தின் முதல் நாளில் நெஞ்சு என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ தெரியாது, எல்லாப் பையன்களும் அன்றைக்கு அதைத்தான் செய்கிறார்கள். பெரும்பங்கு கைபேசியில். செட் முடிந்ததும் பேசியை எடுக்கிறான், ஒரு படம் பார்க்கிறான், அது இன்னொரு படத்துக்குக் கூட்டிப்போகிறது, தலை நிமிரும்போது ஆறு நிமிடம். பையன் திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. தான் முழுநேரமும் உழைத்ததாகவே மனதார நம்பினான். நோட்டைக் காட்டியபோது அவனுக்கே ஆச்சரியம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த 24 செட்டும் நெஞ்சுக்கும் கைகளுக்கும் மட்டுமே. காலுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரே தசையை ஒரே நாளில் இருபது தடவைக்கு மேல் பிழிவதில் கடைசிப் பத்து செட்டுக்கு அதிகப் பலன் இராது. களைப்பு மட்டும் மிஞ்சும். அதே செட்டுகளை வாரத்தில் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து, முழு உடம்புக்கும் பங்கிட்டால் ஒவ்வொரு நாளும் நேரம் குறையும், வேலையும் தரமாக நடக்கும்.

நாற்பத்தைந்து நிமிடப் பயம்

வழக்கின் இன்னொரு பக்கமும் உண்டு. அப்பாவிடம் யாரோ, 45 நிமிடத்துக்கு மேல் எடை தூக்கினால் ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோன் இறங்கி, கார்ட்டிசால் என்ற சுரப்பு ஏறி, சேர்த்த தசையெல்லாம் கரைந்துபோகும் என்று சொல்லியிருக்கிறார்கள். பயிற்சியாளர்களே பலர் இதை வேதவாக்காகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பேச்சைப் பெரும்பாலும் பல்கேரிய நாட்டோடு சேர்த்துச் சொல்வார்கள். அங்கே இவான் அபாஜியெவ் என்ற பயிற்சியாளர் எழுபது, எண்பதுகளில் எடை தூக்கும் வீரர்களைப் படையாகவே உருவாக்கினார். காலையிலிருந்து மாலைவரை பல சிறு பகுதிகளாக, நடுநடுவே ஓய்வு கொடுத்து, அதிகபட்ச எடையைத் தூக்க வைப்பது அவர் முறை. நாள் முழுக்க அதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு அது சரி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஊக்கமருந்து சிக்கலால் பல்கேரிய அணி நடுவிலேயே விலகிக்கொண்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் அட்டவணையிலிருந்து ஒரு துண்டை வெட்டி டோம்பிவிலியில் ஒட்டவைப்பதில் அர்த்தமில்லை.

சுரப்பு விஷயத்துக்கு நேரான சோதனையும் உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 56 இளைஞர்களுக்கு 12 வாரம் பயிற்சி கொடுத்து, பயிற்சி முடிந்தவுடன் இரத்தத்தில் ஏறும் சுரப்புகளையும் கடைசியில் சேர்ந்த தசையையும் ஒப்பிட்டார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் அதிகம் ஏறியவனுக்குத் தசையும் அதிகம் என்ற தொடர்பே காணப்படவில்லை. பயிற்சி நேரத்தில் கார்ட்டிசால் ஏறுவது உடம்பு செய்யும் சாதாரண வேலை. நாற்பத்தாறாவது நிமிடத்தில் எந்தக் கதவும் மூடிக்கொள்வதில்லை.

அப்படியானால் இரண்டு மணி நேரம் செய்தால் தவறா? தவறு இல்லை, தேவை இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகப் போகக் கவனம் சிதறும். களைத்த உடம்போடு கனமான எடையை எடுக்கும்போதுதான் முதுகு பிடித்துக்கொள்ளும். போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு வார்ம்-அப்பே அரை மணி ஆகும். அவர்கள் இரண்டு மணி நேரம் எடுப்பதில் நியாயம் உண்டு. பரீட்சைக்குத் தயாராகிறவனுக்கு இல்லை.

குறைந்தபட்சம் எவ்வளவு?

இதுதான் எனக்கே புதிதாக இருந்தது. முன்னே சொன்ன ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2019-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். பயிற்சி உள்ள 34 ஆண்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். எல்லோருக்கும் ஒரே ஏழு பயிற்சிகள்; ஆனால் ஒரு பிரிவுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு செட், இரண்டாம் பிரிவுக்கு மூன்று, மூன்றாம் பிரிவுக்கு ஐந்து. முதல் பிரிவுக்காரர்கள் 13 நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். இரண்டாவது பிரிவுக்குச் சுமார் 40 நிமிடம், மூன்றாவதுக்கு ஒரு மணிக்கும் மேல். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் பலம் மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியிருந்தது! தசையின் பருமன் மட்டும் செட்டுக்கு ஏற்றபடி கூடியிருந்தது. ஒரு நிபந்தனை: எல்லா செட்டையும் இனி ஒரு ரெப் கூட முடியாது என்கிற மட்டும் தூக்க வைத்தார்கள். நாம் நடுவில் விட்டுவிடும் ரகம்.

பருத்த கை வேண்டுமென்றால் ஒரு மணி நேரம். பலம் மட்டும் போதுமென்றால் அதில் பாதிகூட வேண்டியதில்லை. பையன் கேட்பது முதலாவது. நம்மில் நாற்பது கடந்தவர்களுக்கு வேண்டியது இரண்டாவது.

இந்த இடத்தில்தான் வழக்கு திசை திரும்பியது. ஃபீஸை நிறுத்துவேன் என்ற அப்பாவுக்கு வயது 46. தொப்பை என்று சொல்ல முடியாது; ஒல்லியான ஆள். ஆனால் போன தீபாவளிக்கு எடுத்த பரிசோதனையில் எச்.பி.ஏ.1சி. 6.1. 5.7-க்கு மேல் 6.5-க்குள் என்றால் சர்க்கரை நோயின் வாசற்படி. "நான் குண்டு இல்லையே, அண்ணாச்சி" என்பது அவர் வாதம்.

இதற்குப் புனே டாக்டர் ஒருவரே பதில் சொல்லியிருக்கிறார். டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்தின் ஜான் யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., ஒன்றேதான்: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் இந்திய உடம்பு பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு. சாப்பிட்ட சாதம் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறியதும் அதை வாங்கி வைத்துக்கொள்ளும் பெரிய கிடங்கு தசைதான். கிடங்கு சிறியதாக இருந்தால் சரக்கு தெருவில்தான் நிற்கும். எடை தூக்குவது அந்தக் கிடங்கைப் பெரிதாக்குகிறது. அதன் கதவையும் தாராளமாகத் திறக்க வைக்கிறது.

காலை 7.12 லோக்கலைப் பிடித்து இரவு எட்டரைக்குத் திரும்புகிறவருக்கு நேரம்? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை, பெரியவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் பயிற்சி தர வேண்டும் என்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து 2022-ல் வெளியிட்டதில், வாரத்துக்கு மொத்தமே 30 முதல் 60 நிமிடம் தசைப் பயிற்சி செய்தவர்களிடம் மரண அபாயம் 10 முதல் 20 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. அதற்கு மேல் கூட்டியதில் கூடுதல் பலன் தெளிவாகத் தெரியவில்லை. இது கவனிப்பு ஆய்வு. பயிற்சி செய்கிறவர்கள் மற்ற விஷயத்திலும் ஒழுங்காக இருப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இருந்தாலும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் இல்லை என்று எந்த லோக்கல் பயணியும் சத்தியம் செய்ய முடியாது.

அவருக்கு நான் எழுதிக் கொடுத்தது இது. ஞாயிறும் புதனும். காலுக்கு ஸ்குவாட், முதுகை நேராக வைத்துத் தரையிலிருந்து எடுக்கும் டெட்லிஃப்ட், நெஞ்சுக்குத் தள்ளுவது ஒன்று, முதுகுக்கு இழுப்பது ஒன்று, தலைக்கு மேல் தூக்குவது ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு செட். தள்ளுவதையும் இழுப்பதையும் மாற்றி மாற்றிச் செய்தால் ஒரு தசை உழைக்கும்போது மற்றது ஓய்வெடுக்கும்; நேரம் மிச்சம். வார்ம்-அப் சேர்த்து 35 நிமிடத்தில் குளிக்கப் போகலாம்.

கூடவே என் அனுபவத்தையும் சொன்னேன். நாற்பத்தேழு வயதில், பதினைந்து வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். பழைய நினைப்பில் முதல் நாளே இரண்டு மணி நேரம், இருபத்தைந்து வயதில் செய்ததையெல்லாம் செய்தேன். தடுப்பார் யாரும் இல்லை. நான்கு நாள் தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை. சட்டைப் பித்தானை மனைவிதான் போட்டுவிட்டாள். நல்ல காலம், அத்தோடு போயிற்று. பழக்கமில்லாத உடம்பை ஒரே நாளில் அளவுக்கு மீறிப் பிழிந்தால் தசைநார் உடைந்து அதன் கழிவு இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும். ராப்டோமயோலிசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். தசை வீங்கி, தாங்க முடியாத வலியோடு, சிறுநீர் கோலா பானத்தின் நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு பயிற்சிக்கு ஒரு செட், இருபது நிமிடம் போதும். 'இவ்வளவுதானா' என்ற குறையோடு வீட்டுக்கு வருவது நல்லது.

இரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் அழுத்தம் குபீரென்று ஏறும். தூக்கும்போது மூச்சை விட வேண்டும். தூக்கும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் அன்றைய கணக்கு அந்த நிமிடமே முடிந்தது.

அம்மாக்களுக்கு

இவ்வளவு நேரமும் ஆண்பிள்ளைகள் கதை. பெண்களுக்கு இது எதற்கு என்று நம் வீடுகளில் இன்னும் கேட்கிறார்கள். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு வேகமாகத் தேய்கிறது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த பாட்டிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தார் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிலக்கு நின்ற 101 பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதியினர் எட்டு மாதம், வாரம் இரண்டு முறை, முறைக்கு 30 நிமிடம், தேர்ந்த பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் தலைக்கு மேல் தூக்குவதும் செய்தார்கள். எடை கொஞ்ச நஞ்சம் அல்ல. ஐந்து தடவைக்கு மேல் தூக்க முடியாத அளவு கனம். மற்றவர்கள் வீட்டில் இலேசான பயிற்சி. முடிவில் எடை தூக்கியவர்களின் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் ஏறியிருந்தது. மற்றவர்களுக்குச் சுமார் 1 சதவீதம் இறங்கியிருந்தது. தேயும் வயதில் ஏறியது என்பதுதான் செய்தி. அதற்குப் பிடித்தது வாரம் ஒரு மணி நேரம். ஆனால் அவர்களும் முதல் சில வாரம் எடையே இல்லாமல் முறையைக் கற்றுக்கொண்ட பின்புதான் கனத்துக்குப் போனார்கள். தனியாக இதைத் தொடங்கக் கூடாது.

பெண்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு ஜிம் காலியாக இருக்கும். வரிசையும் இல்லை, பாட்டுச் சத்தமும் குறைவு.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி. ஒரு மணி நேரப் பயிற்சிக்கு எந்தக் கலர் பானமும் வேண்டாம், தண்ணீர் போதும். மும்பைப் புழுக்கத்தில் அதைக் கொஞ்சம் அதிகமாகவே குடியுங்கள். முடித்த அரை மணிக்குள் பவுடரைக் கரைத்துக் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்பதும் கதை. அன்றைய நாள் முழுவதும் பருப்பு, பயறு, தயிர், முட்டை என்று எவ்வளவு சேர்ந்தது என்பதே கணக்கு.

தீர்ப்பு

பையனுக்கு நான் சொன்னது: வாரம் நான்கு நாள். கூட்டம் வருமுன் ஐந்தரைக்குப் போ. ஒரு நாளைக்கு 16 செட்டுக்கு மேல் வேண்டாம், அதில் கால் பாகம் காலுக்கு. கைபேசியைப் பூட்டி வைத்துவிட்டு ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொள். 75 நிமிடம். மிச்சமாகும் ஒரு மணி நேரத்தைப் படிப்புக்குக் கொடுக்கிறாயோ தூக்கத்துக்குக் கொடுக்கிறாயோ, இரண்டும் லாபம். பதின்வயதில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூங்க வேண்டும், தசை வளர்வதும் அப்போதுதான். எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்று அவன் பாட்டி ஊரிலிருந்து ஃபோனில் சொன்னாளாம். சரியான மேற்பார்வையோடு செய்தால் அப்படி எதுவும் இல்லை என்று அவளிடமும் நானே பேசிச் சொன்னேன். வளர்ந்து முடியும்வரை அதிகபட்ச எடையைத் தூக்கிப் பார்க்கும் பந்தயம் மட்டும் கூடாது.

பரீட்சை முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. ஃபீஸ் நிற்கவில்லை, வீட்டுக்கு இரண்டாக ஆகியிருக்கிறது. அப்பா புதன்கிழமை காலை ஐந்தரைக்கு மகனோடு போகிறார். அன்றைக்கு மட்டும் 7.12-ஐ விட்டு அடுத்த வண்டியைப் பிடிக்கிறார். மூன்று வாரமாக ஒரு நாளும் தவறவில்லை என்று மகன்தான் என்னிடம் வந்து சொன்னான்.

போன ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பெண்களுக்கென்று 15 கிலோவில் தனிக் கம்பி இருக்கிறதாமே, அதை எப்போது தூக்கலாம் என்று கேட்டார். எலும்பு அடர்த்திப் பரிசோதனை எடுத்துக்கொண்டு வாருங்கள், முதல் மாதம் வெறும் துடைப்பக் கட்டையை வைத்துத்தான் பழக வேண்டும் என்றேன்.

"துடைப்பக் கட்டைதானே, அண்ணாச்சி? அது இருபது வருஷப் பழக்கம்" என்று சொல்லிவிட்டுக் காய்கறிப் பையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.